ஷிராஹாமாவில் இறங்கிவிடாதீர்கள்

மகன் ஒசாகாவில் வேலை பார்க்கிறான். அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது, 'குரோஷியோ' என்ற ரயிலில் கீ தீபகற்பத்தின் கடலோரமாகப் போய் வந்ததைப் போன மாத இதழில் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். ஒசாகாவிலிருந்து தெற்கே இறங்கி, வகயாமா, ஷிராஹாமா, குஷிமோட்டோ வழியாக ஷிங்கூ வரை போகும் வண்டி அது. அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. ரயில்வே முன்பதிவுக் கவுண்டரில் 31 வருடம் உட்கார்ந்து "அடுத்தவர் வாங்க" என்று சொல்லிப் பழகிய வாய் இது. சில்லறை சரியாக இருப்பவர்கள் முதலில் வரலாம்.

லிமிடெட் எக்ஸ்பிரஸ் என்கிறீர்கள். அதில் எது லிமிடெட்? இடமா, வேகமா?
– வாசகர், திருநெல்வேலி

நிறுத்தங்கள்தான். ஜப்பானியர்கள் இந்த வகை வண்டியைத் 'தொக்யூ' என்கிறார்கள். 'தனிச்சிறப்பு விரைவு வண்டி' என்று பொருள் தரும் நீளமான சொல்லைக் கத்தரித்து வைத்துக்கொண்ட பெயர். புல்லட் ரயில் என்று நாம் சொல்லும் ஷின்கான்சென் வேறு, இது வேறு. இது சாதாரணப் பாதையில், சாதாரண வண்டிகளோடு சேர்ந்து ஓடுகிறது. சிறிய நிலையங்களில் நிற்காது, அவ்வளவுதான்.

கவுண்டர்க்காரியான எனக்கு வியப்பாக இருந்தது டிக்கெட்டுதான். நம் ஊரில் சூப்பர்ஃபாஸ்ட் கட்டணம் டிக்கெட்டுக்குள்ளேயே ஒரு வரியாக அடங்கிவிடும். அங்கே பயணக் கட்டணத்துக்கு ஒரு சீட்டு, தொக்யூவில் ஏறும் உரிமைக்கு இன்னொரு சீட்டு. முதல் தடவை இயந்திரத்திலிருந்து இரண்டு சீட்டு விழுந்ததும், ஒரே ஆளுக்கு இரண்டு தடவை காசு பிடித்துவிட்டது என்று நினைத்து, மகனைக் கூப்பிட்டு வாதம் செய்தேன். அவன் ஒன்றும் சொல்லாமல் இரண்டு சீட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நுழைவாயில் இயந்திரத்துக்குள் நுழைத்தான். அது இரண்டையும் ஒரே மூச்சில் விழுங்கி, அடையாள ஓட்டை போட்டு, நான் அந்தப் பக்கம் போய்ச் சேருவதற்குள் நீட்டிக்கொண்டு காத்திருந்தது. எடுக்க மறந்துவிடாதீர்கள். இறங்கும் ஊரிலும் இரண்டையும் கேட்கும்.

வேகம் என்று கேட்டதால் ஒரு கணக்கு. ஷிராஹாமாவிலிருந்து ஷிங்கூ ஏறக்குறைய 95 கிலோமீட்டர். அதைக் கடக்க ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. சராசரி மணிக்கு 55 கிலோமீட்டர் இருந்தால்தான் நம் ரயில்வேயில் சூப்பர்ஃபாஸ்ட் என்ற பெயரே கிடைக்கும். அந்தக் கணக்கில் பார்த்தால் குரோஷியோ அந்தத் துண்டில் தேறாது. ஒற்றைப் பாதை, பாறையைச் சுற்றிச் சுற்றி வளைவுகள், நடுநடுவே எதிர் வண்டிக்கு கிராசிங். என் அனுபவத்தில் அந்த ஒன்றே முக்கால் மணி நேரம்தான் டிக்கெட்டின் முழு விலை. மீதியெல்லாம் அங்கே போய்ச் சேருவதற்கான வழி.

எந்தப் பக்கம் உட்கார வேண்டும் அக்கா? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்களே.
– வாசகி, தென்காசி

மன்னித்துக்கொள்ளுங்கள். அதுதான் முக்கியம், அதைத்தான் விட்டேன். ஒசாகாவிலிருந்து போகும்போது வலது பக்கம், திரும்பும்போது இடது பக்கம். கடைசி ஊர் வரை இது மாறாது.

பதிவு செய்யும்போது "உமிகாவா" என்று சொல்லுங்கள். உமி என்றால் நமக்கு நெல்லின் தோல், அவர்களுக்குக் கடல். 'உமிகாவா' என்றால் கடல் பக்கம். எதிர்ப்பக்கம் 'யாமாகாவா', அதாவது மலைப் பக்கம். முதல் பயணத்தில் இந்தச் சொல் தெரியாமல் மலைப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். 31 வருடம் மற்றவர்களுக்கு ஜன்னல் சீட் பார்த்துக் கொடுத்தவள், நான்கு மணி நேரத்துக்கு மேல் மூங்கில் சரிவையும் சுரங்கச் சுவரையும் பார்த்துக்கொண்டு போனேன். அந்தப் பக்கத்து ஜன்னலில் திடீர் திடீரென்று நீலம் தெறிக்கும். கழுத்தை நீட்டுவதற்குள் சுரங்கம் வந்துவிடும்.

வலது பக்கம் கிடைத்த அடுத்த பயணத்தில்தான் ஒழுங்காகப் பார்த்தேன். ஏறியதுமே கடல் வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். வகயாமா வரைக்கும் ஊரும் தொழிற்சாலையுமாகத்தான் இருக்கும். கைனான் தாண்டியதும் கடல் ஒரு தடவை எட்டிப் பார்க்கும். அதுவும் எண்ணெய்த் தொட்டிகளுக்கு நடுவே. உடனே அரிடா என்ற பகுதி வரும். மலை முழுக்கப் படிப்படியாக மிகான் தோட்டம். நம் கமலா ஆரஞ்சின் உறவுக்காரப் பழம். நான் போனது டிசம்பர். மலை பச்சைப் புடவையில் மஞ்சள் புட்டா போட்டது போல் இருந்தது.

என் பக்கத்தில் எழுபது வயதிருக்கும் பாட்டி ஒருவர். பையிலிருந்து ஒரு மிகானை எடுத்தார். நாம் செய்வது போல் காம்பிலிருந்து தோலை உரிக்கவில்லை. பழத்தைத் தலைகீழாகத் திருப்பி, அடிப்பக்கத்தில் இரண்டு கட்டை விரலையும் ஊன்றி, தோலோடு இரண்டாகப் பிளந்தார். ஒவ்வொரு பாதியையும் மறுபடி இரண்டாக்கினார். இப்போது நான்கு துண்டு, காம்பில் மட்டும் தோல் ஒட்டியிருந்தது. சுளைகளை ஒவ்வொன்றாகத் தோலிலிருந்து கழற்றி வாயில் போட்டுக்கொண்டார். பத்து நொடிகூட ஆகவில்லை, நாரும் ஒட்டவில்லை. முடிந்ததும் நான்கு மடல் தோலையும் மூடினார். அது பழையபடி ஒரு பழம் போல் ஆகிவிட்டது. நான் வாய் பிளந்து பார்ப்பதைக் கண்டு எனக்கும் ஒன்று கொடுத்தார். என் முதல் முயற்சியில் சாறு கண்ணாடியில் தெறித்தது. அவர் "அரிடா, அரிடா" என்று சிரித்தார். அந்த ஊர்க்காரர்கள் உரிக்கும் முறைக்கே 'அரிடா முகி' என்று பெயராம். மகன் பிறகு சொன்னான்.

கோபோ நிலையம் தாண்டிய பிறகுதான் கடல் நெருங்கி வருகிறது. கிரிமே, இவாஷிரோ என்று இரண்டு சின்ன நிலையங்கள். குரோஷியோ அங்கே நிற்காது. அவற்றுக்கு நடுவே தண்டவாளத்துக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒன்றுமே இல்லாதது போல் தோன்றும். அதை அடுத்து செந்ரி கடற்கரை. கோடையில் பெருந்தலைக் கடலாமைகள் முட்டையிட ஏறி வரும் மணல் அது. ஒசாகா, டோக்கியோ எல்லாம் இருக்கும் ஹோன்ஷூ தீவில் அவை இவ்வளவு அதிகமாக வரும் கடற்கரை வேறு இல்லை. வண்டியில் பாதிப் பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் பார்க்காதீர்கள்.

ஷிராஹாமாவில் பாண்டா கரடி பார்த்துவிட்டு அன்றே ஒசாகா திரும்பிவிடலாமா? பேத்திக்குப் பாண்டா என்றால் உயிர்.
– வாசகர், கோயம்புத்தூர்

பேத்தியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பாண்டாக்கள் போய்விட்டன. அங்கே விலங்குப் பூங்காவில் இருந்த நான்கும் 2025 ஜூன் மாதம் சீனாவுக்குத் திரும்பிவிட்டன. அவற்றில் மூத்தது, 2000-இல் அந்தப் பூங்காவிலேயே பிறந்த தாய். மற்ற மூன்றும் அதன் பெண் குட்டிகள். 2017-லிருந்து பாண்டா முகம் வரைந்த குரோஷியோ வண்டியே விட்டுப் பார்த்தார்கள், அவ்வளவு செல்லம்.

இப்போது என் வழக்கமான பிரசங்கம். பெரும்பாலான சுற்றுலாக்காரர்கள் ஷிராஹாமாவில் இறங்கிவிடுகிறார்கள். வெந்நீர் ஊற்று இருக்கிறது, வெள்ளை மணல் கடற்கரை இருக்கிறது. ஊரின் பெயருக்கே வெண்கடற்கரை என்றுதான் பொருள். நல்ல ஊர்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மணல் அரித்துக்கொண்டே போகிறது என்று ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் மணல் கொண்டுவந்து கொட்டியவர்கள் அவர்கள். கப்பலில் வந்த மணலைப் பார்க்கவா அவ்வளவு தூரம்?

ஷிராஹாமாவில் வண்டி பாதி காலியாகும். நீங்கள் அசையாமல் உட்கார்ந்திருங்கள். சுசாமி தாண்டியதும் மலை நேராகக் கடலுக்குள் இறங்கும் கரை தொடங்குகிறது. சுரங்கம், ஒரு விநாடி கடல், சுரங்கம், மூன்று விநாடி கடல், மீன்பிடிப் படகு நான்கைந்து கட்டிய ஒரு துறை, பத்து ஓட்டு வீடு, மறுபடி சுரங்கம். தொடர்ந்து தெரியும் கடலைக் கொஞ்ச நேரத்தில் கண் மறந்துவிடும். இப்படி ஒளிந்து ஒளிந்து வரும் கடல் மறக்க விடவே விடாது. தண்ணீரின் நிறத்தைக் கவனியுங்கள். குரோஷியோ என்றால் கருநீரோட்டம். தெற்கிலிருந்து ஜப்பானை உரசிக்கொண்டு வரும் வெப்ப நீரோட்டத்தின் பெயரைத்தான் வண்டிக்கு வைத்திருக்கிறார்கள். அந்த நீரில் சத்தும் மிதவை உயிர்களும் குறைவு. அதனால் வெளிச்சம் ஆழம்வரை இறங்கி, மேலே கருநீலமாகத் தெரிகிறது. மீனவர்கள் கறுப்பு என்று பெயர் வைத்ததில் பிழை இல்லை.

குஷிமோட்டோ, ஹோன்ஷூ தீவின் தென்கோடி. அடுத்த நிலையத்துக்குப் போகும் வழியில், வலது பக்கம், 'ஹஷிகுயி இவா' என்ற பாறைத் தூண்கள் சில நொடிகள் தெரியும். நாற்பது போலப் பாறைகள், 850 மீட்டர் நீளத்துக்கு, தீவை நோக்கி வரிசை கட்டி நிற்கின்றன. கோபோ தாய்ஷி என்ற துறவி, ஒரே இரவில் தீவுக்குப் பாலம் கட்டிக் காட்டுகிறேன் என்று ஒரு குட்டிச் சாத்தானிடம் பந்தயம் கட்டினாராம். தோற்கப்போவதைக் கண்ட சாத்தான் சேவலைப் போல் கூவ, விடிந்துவிட்டது என்று நம்பித் துறவி பாலத்தைப் பாதியில் விட்டாராம். சேவலாகக் கூவி முனிவரை ஏமாற்றிய இந்திரன் நம் ஊரில் சாபம் வாங்கினான். அங்கே சாத்தான் தப்பித்துவிட்டது. குஷிமோட்டோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே அரை மணிக்குள் பாறைகளிடம் போய்விடலாம்.

எதிரே தெரியும் அந்தத் தீவருகேதான் 1890-இல் துருக்கியின் எர்துக்ருல் என்ற போர்க்கப்பல் புயலில் பாறையில் மோதி, 500-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 69 பேரைத் தீவுக்காரர்கள் தூக்கிவந்து, தங்களிடம் இருந்த கொஞ்சநஞ்ச உணவையும் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். துருக்கிக்காரர்கள் அதை இன்றுவரை மறக்கவில்லை.

பேத்தியை இங்கே அழைத்து வாருங்கள். பாண்டா இல்லாத குறை தெரியாது.

நாங்கள் சுத்த சைவம். வண்டியில் என்ன கிடைக்கும்?
– வாசகி, கும்பகோணம்

ஒன்றும் கிடைக்காது. சைவம், அசைவம் எதுவும் கிடையாது. தள்ளுவண்டி விற்பனை இல்லை. ஏறுவதற்கு முன்பே வாங்கிக்கொள்ள வேண்டும்.

நிலையக் கடைகளில் சோற்று உருண்டை விற்கும். அதற்குள் உமேபோஷி என்ற உப்பில் ஊறிய ஒருவகைப் பழம் வைத்தது நமக்கு ஒத்துக்கொள்ளும். நார்த்தங்காய் ஊறுகாய் சாப்பிடும் நாக்குக்கு அந்நியமே இல்லை. அந்தப் பழத்துக்குப் பேர்போன மினாபே ஊரை இந்த வண்டிதான் கடந்து போகிறது. ஆனால் பொட்டலத்தில் எழுதியிருப்பதை யாரையாவது படிக்கச் சொல்லுங்கள். சிலவற்றில் மீன்சாறு சேர்ப்பார்கள். அந்த ஊர்ச் சமையலில் காய்ந்த மீனைச் சீவிக் கொதிக்க வைத்த 'தாஷி' என்ற சாறு எங்கும் இருக்கும். காய்கறிக் கூட்டு என்று வாங்கினாலும் அதற்குள் இருக்கும். கடுகுக் கீரையின் ஊறிய இலையில் சோற்றை உருட்டிச் சுற்றிய மெஹாரி சூஷி என்று ஒன்று ஷிங்கூ பக்கத்தில் பிரசித்தம். அதை வாயில் போட வாயோடு கண்ணையும் அகல விரிக்க வேண்டுமாம், அதனால் அந்தப் பெயர். பார்க்கச் சைவமாக இருந்தாலும், ஊறவைத்த சாற்றில் என்ன சேர்த்தார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நான் புளியோதரைதான் எடுத்துப் போனேன். தொக்யூவில் சாப்பிடுவது வழக்கம்தான், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். நகருக்குள் ஓடும் வண்டிகளில்தான் கூடாது. பெருங்காய வாசனைக்கு முன் சீட்டுக்காரர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அலுமினியத் தாளைப் பிரித்தபோது வண்டி இவாஷிரோவைத் தாண்டிக்கொண்டிருந்தது. எனக்கு அங்கே ஒரு இளவரசனின் நினைவு வந்தது.

658-இல் நடந்தது. அரிமா என்ற இளவரசன், பத்தொன்பது வயது. கலகம் செய்யத் திட்டமிட்டான் என்று பிடித்து, ஷிராஹாமா வெந்நீர் ஊற்றில் தங்கியிருந்த பேரரசியிடம் விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். வழியில் இவாஷிரோவில் ஒரு பைன் மரத்தின் கிளைகளை முடிச்சுப் போட்டுவிட்டு, உயிரோடு திரும்பினால் இதை மறுபடி பார்ப்பேன் என்று பாடினான். இன்னொரு பாட்டில், வீட்டில் இருந்தால் கலத்தில் இடும் சோற்றை, பயணத்தில் இருப்பதால் ஷீ மரத்தின் இலையில் இடுகிறேன் என்கிறான். ஜப்பானின் ஆகப் பழைய பாட்டுத் தொகுப்பில் இரண்டும் இருக்கின்றன. அந்த மரத்தின் இலை மிகச் சிறியது, அதில் ஒரு ஆள் எப்படிச் சாப்பிட முடியும், தெய்வத்துக்குப் படைத்ததாக இருக்கும் என்று அறிஞர்கள் வாதாடுகிறார்கள். வாழையிலையில் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு, படைப்பதும் இலையில்தான், உண்பதும் இலையில்தான். விசாரணை முடிந்து திரும்பும் வழியில், இன்றைய கைனான் அருகே, அவனைக் கழுத்தை இறுக்கிக் கொன்றார்கள். கைனானிலிருந்து ஷிராஹாமா வரை அவன் போன வழியைக் குரோஷியோ ஒன்றரை மணி நேரத்துக்குள் கடந்துவிடுகிறது.

புளியோதரை அன்றைக்குக் கொஞ்சம் மீந்துவிட்டது.

சுனாமி வரும் நாட்டில் கடலை ஒட்டிய ரயிலா? எங்களால் கடலோரப் பயணம் என்பதை இன்றும் இன்பமாக நினைக்க முடியவில்லை.
– வாசகி, நாகப்பட்டினம்

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வரும்போது விளையாட்டாகப் பதில் எழுத மனம் வரவில்லை. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நம்மில் பலருக்குக் கடல் பழைய கடல் இல்லை.

பயம் எனக்கும் இருந்தது. அதனால்தான் ஒரு பயணத்தில் யுவாசா நிலையத்தில் இறங்கி, பக்கத்தில் இருக்கும் ஹிரோகாவா ஊருக்குப் போனேன். 1854 டிசம்பரில் அங்கே பெரிய நிலநடுக்கம், பின்னாலேயே சுனாமி. அந்தி நேரம். ஹமாகுச்சி கோர்யோ என்ற சோயா சாறு வியாபாரி, இருட்டில் வழி தெரியாமல் தவித்தவர்களுக்கு மேட்டிலுள்ள கோயிலுக்குப் போகும் வழி தெரியட்டும் என்று வயலில் இருந்த வைக்கோல் போர்களுக்குத் தீ வைத்தார். அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு பலர் மேடேறித் தப்பினார்கள். இந்தக் கதையைப் பலர் கேட்டிருப்பீர்கள். நான் பார்க்கப் போனது அவர் அதற்குப் பிறகு செய்ததை.

வீடும் படகும் போன மக்கள் ஊரைவிட்டே கிளம்பத் தொடங்கினார்கள். கோர்யோ தன் கைக்காசைப் போட்டு, அவர்களுக்கே கூலி கொடுத்து, கடலோரம் ஒரு கரை கட்டத் தொடங்கினார். நான்கு வருடம். 600 மீட்டர் நீளம், 5 மீட்டர் உயரம். பிழைப்பும் கிடைத்தது, அரணும் எழுந்தது. அவர் இறந்து அறுபது வருடத்துக்கு மேல் ஆன பிறகு, 1946-இல் மறுபடி சுனாமி வந்தது. ஊரின் பெரும்பகுதியை அந்தக் கரை காத்தது. இன்றும் மரங்களோடு நிற்கிறது. அதன்மேல் நான் நடந்தபோது பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போனார்கள். 1854-இன் அந்த நாள் பழைய நாட்காட்டியில் பதினோராம் மாதம் ஐந்தாம் தேதி. அதை வைத்துத்தான் ஐக்கிய நாடுகள் சபை நவம்பர் 5-ஐ உலக சுனாமி விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறது.

ரயிலில் வரும்போது பாதையோரக் கம்பங்களைக் கவனியுங்கள். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். நிலநடுக்கம் உணர்ந்தால் பெட்டியை மூட்டையைப் போட்டுவிட்டு, ஊழியர் சொல்லும் பக்கம் இறங்கி, மேட்டை நோக்கிப் போக வேண்டும். பயம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரிந்த பயம் அது.

வளைவு அதிகம் என்கிறீர்கள். எனக்குக் கொடைக்கானல் பஸ்ஸிலேயே வாந்தி வரும்.
– வாசகர், திண்டுக்கல்

பாதை மின்மயமாகி 1978-இல் ஓடத் தொடங்கிய பழைய வண்டிகள் வளைவில் சாய்ந்து போகும்படி செய்தவை. குமட்டலுக்குப் பெயர் வாங்கியவை. 2015-இல் ஓய்வு பெற்றுவிட்டன. இப்போது ஓடுவதில் 283 என்ற வகை மட்டும் சாயும். 287, 289 இரண்டும் சாயாது. பதிவு செய்யும்போது கேட்டுக்கொள்ளுங்கள். வயிறு திடமானவர்களுக்கு நான் 283-ஐத்தான் சொல்வேன். 1996-இல் வந்தது, மூக்கு டால்ஃபின் போல இருக்கும், மூன்றாம் பெட்டியில் கடலைப் பார்த்தபடி உட்கார ஒரு இடம் உண்டு. நீங்கள் எலுமிச்சையோடு 287-இல் போங்கள்.

பாஸ் வாங்கினால் லாபமா? முன்பதிவு அவசியமா?
– வாசகர், சென்னை

முன்பதிவு கட்டாயம். 2022 மார்ச்சிலிருந்து குரோஷியோவில் பதிவில்லா இருக்கையே கிடையாது. கையில் பாஸ் இருந்தாலும் இருக்கையை வாங்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். ஐந்து நாள் செல்லும் கான்சாய் வைட் ஏரியா பாஸ் நான் வாங்கியபோது 12,000 யென். ஷிங்கூ வரை போய் வந்தாலே விலை தேறிவிடும், ஷிராஹாமாவோடு திரும்பினால் தேறாது. பார்த்தீர்களா, கணக்கும் என் கட்சிதான். 6 வயது முதல் 11 வரை அரை டிக்கெட். அதற்குக் கீழே, தனி இருக்கை வேண்டாம் என்றால் இலவசம். 2023 மார்ச்சிலிருந்து இந்த வண்டி ஒசாகா நிலையத்தின் நிலத்தடி நடைமேடையிலும் நிற்கிறது. அதற்கு முன்பு அந்தப் பெரிய நிலையத்தின் ஓரமாக, சரக்குப் பாதையில், நிற்காமலே போய்க்கொண்டிருந்தது.

செப்டம்பர், அக்டோபரில் போவதானால் ஒரு நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். புயல் வருகிறது என்றால் முதல் நாளே அறிவித்துவிட்டு வண்டியை நிறுத்திவிடுவார்கள். இரவில் மான் குறுக்கே வந்து வண்டி நிற்பதும் இந்தப் பாதையில் சகஜம்.

இது தவிர வேறு கடலோரத் தொக்யூ உண்டா?
– வாசகர், மதுரை

நிறைய. டோக்கியோவில் இருப்பவர்களுக்கு இசு தீபகற்பம் போகும் ஒதொரிகோ. சூரியன் கடலில் விழுவதைப் பார்க்க வேண்டுமானால் நீகாதாவிலிருந்து அகிதா போகும் இனாஹோ. அது மேற்குக் கடல். நான் இன்னும் போகவில்லை, போனவர்கள் சொல்வதைக் கேட்டுப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

இவ்வளவு அழகான பாதை என்றால் கூட்டம் அலைமோதுமே?
– வாசகி, சேலம்

இல்லை. ஷிராஹாமா முதல் ஷிங்கூ வரை நாளொன்றுக்குச் சராசரி 2,000 பேர்கூடப் பயணம் செய்வதில்லை என்று ரயில் நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பட்டியலில் அந்தத் துண்டும் இருக்கிறது. இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள், இருப்பவர்கள் காரில் போகிறார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஷிராஹாமாவில் இறங்காதீர்கள் என்று நான் கத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜப்பான் ரயில் டிரைவர் தனக்குத் தானே பேசிக்கொண்டு கையை நீட்டுகிறாராமே, ஏன்?
– ஆறாம் வகுப்பு மாணவி, ஈரோடு

கடைசிக் கேள்வி, எனக்குப் பிடித்த கேள்வி. ஆமாம் கண்ணு, பேசுகிறார். குஷிமோட்டோவிலிருந்து நான் திரும்பும்போது வேண்டுமென்றே எல்லா நிலையத்திலும் நிற்கும் சின்ன வண்டியில் ஏறினேன். இரண்டே பெட்டி, ஓட்டுநர் ஒருவர்தான், கார்டு கிடையாது. அவருக்குப் பின்னாலேயே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒரு சின்ன நிலையத்தில் கிராசிங்குக்காக நின்றோம். கடல் சத்தம் கேட்கும் நடைமேடை, இறங்க ஆளில்லை, ஏற ஆளில்லை. கொஞ்ச நேரத்தில் குரோஷியோ எதிரே வந்து எங்களைக் கடந்து போனது. சிக்னல் மாறியது.

ஓட்டுநருக்கு அது தெரிகிறது. இருந்தாலும் வெள்ளைக் கையுறை போட்ட கையை நீட்டி, சுட்டு விரலால் சிக்னலைக் காட்டி, சத்தமாகச் சொன்னார். பிறகு கடிகாரத்தைக் காட்டிச் சொன்னார். பிறகு வேகமானியைக் காட்டினார். கண் மட்டும் பார்த்தால் மனம் வேறெங்காவது போய்விடும். கையும் வாயும் காதும் சேர்ந்தால் போகாது. அதற்காகத்தான் நூறு வருடத்துக்கும் மேலாக அங்கே இப்படிச் செய்கிறார்கள். பார்க்க யாரும் இல்லாத அந்த நிலையத்திலும் அவர் ஒன்றைக்கூட விடவில்லை.

ஊருக்குத் திரும்பியதிலிருந்து நான் இரவு படுக்கப் போகும் முன் சமையலறை வாசலில் நின்று, சிலிண்டரைப் பார்த்துக் கையை நீட்டி, "கேஸ் மூடியாயிற்று" என்று சத்தமாகச் சொல்கிறேன். உங்கள் தாத்தா வயதுள்ள எங்கள் வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். போன வாரம் நான் மறந்துவிட்டேன். படுக்கையிலிருந்து அவர் குரல் கொடுத்தார்: "சிக்னல் சொல்லவில்லையே இன்றைக்கு?"